புதன்கிழமை ராத்திரிக்குத் திட்டம் போடுங்கள்

நீங்கள் கேட்டது இதுதான்: வீடு முதலியார்பேட்டையில், நீங்களும் கணவரும் வேலைக்குப் போகிறீர்கள், அவருக்குக் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட், மாமியாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை, பன்னிரண்டு வயதுப் பையன் காய் என்றாலே தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறான். மூன்று தடவை டயட் சார்ட் எடுத்து ஆரம்பித்தீர்கள், மூன்று தடவையும் இரண்டு வாரம்கூடத் தாண்டவில்லை. "எனக்குத்தான் மனக்கட்டுப்பாடு இல்லையோ?" என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியெல்லாம் இல்லை. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் உணவுப் பிரிவில் பதினேழு வருடம் வேலை பார்த்தேன், எத்தனையோ பேருக்குச் சார்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த மாதம் வரும்போது உட்கார வைத்துக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: காலையில் ஒழுங்காக இருந்தேன் மேடம், மத்தியானமும் பரவாயில்லை, ராத்திரிதான் முடியவில்லை. இதைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகுதான் எனக்கே விஷயம் பிடிபட்டது. சார்ட்டை நாம் ஞாயிற்றுக்கிழமை காலை உற்சாகத்தில் எழுதுகிறோம், அது உடைவது புதன்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பையைக் கீழே வைத்து, பையன் "என்னம்மா டிபன்?" என்று கேட்கிற அந்த நிமிஷத்தில். அதனால் திட்டத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள். வாரத்திலேயே நீங்கள் அதிகம் களைத்திருக்கிற இரவுக்கு என்ன சாப்பாடு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள், மற்ற வேளைகள் அதற்குப் பின்னால் வரட்டும்.

இன்னொன்று. உங்கள் சார்ட்டில் ஓட்ஸ், ப்ரோக்கோலி, கீன்வா, ஆலிவ் ஆயில் என்று இருந்ததாகச் சொன்னீர்கள். அவற்றில் தப்பு எதுவும் இல்லை, ஆனால் உங்களுக்கு ஒரு சமையல், வீட்டில் மற்ற மூன்று பேருக்கு வேறு சமையல் என்று ஆகிவிடுகிறது. இரட்டைச் சமையல் நடக்கிற வீட்டில் எந்தத் திட்டமும் நிலைத்து நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டில் என்ன குழம்பு, என்ன பொரியல், என்ன மீன் வழக்கமோ அதுவே இருக்கட்டும், தட்டில் எது எவ்வளவு என்பது மட்டும் மாறட்டும்.

அந்த அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், ஒரு நாளைக்கு 2000 கலோரி தேவைப்படுகிற ஒருவருக்குக் கீரையும் சேர்த்துக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம், அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு, முட்டை, மீன், கறி வகைகள் 85 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி என்று போட்டிருக்கிறார்கள். எல்லாமே சமைப்பதற்கு முந்தைய எடை. காய் 400 கிராம் என்பதை நாலு பேருக்குக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வருகிறது. உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எவ்வளவு காய் நறுக்குகிறீர்கள்? அரைக் கிலோ, முக்கால் கிலோதான் இருக்கும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. குறைகிற அந்த இடத்தை முழுக்கச் சோறுதான் அடைத்துக்கொள்கிறது.

ஒரேயடியாக ஒன்றரைக் கிலோவுக்குப் போக வேண்டாம். பரிமாறுகிற வரிசையை மட்டும் நாளைக்கே மாற்றிப் பாருங்கள். முதலில் பொரியலும் கூட்டும் தட்டில் பாதி வரைக்கும், அப்புறம் பருப்போ மீனோ முட்டையோ, மீதி இருக்கிற இடத்தில் சோறு. சாப்பிடும்போதும் காயையும் பருப்பையும் நாலைந்து வாய் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். அப்படிச் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது, உங்கள் மாமியாருக்கு இது ரொம்ப முக்கியம். அவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) சர்க்கரை நோய் ஆய்வில் நாட்டிலேயே சர்க்கரை நோய் அதிகம் உள்ள இடங்களில் கோவா 26.4 சதவீதம், அதை ஒட்டியே புதுச்சேரி 26.3 சதவீதம். பெரியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். உங்கள் பையன் வளர்கிற ஊர் அது, அதனால் இந்தத் தட்டு அவனுக்கும்தான்.

ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி சாப்பிட்டால் போதும் என்று ஒரு நம்பிக்கை எல்லா வீட்டிலும் இருக்கிறது. நடுத்தர அளவு சப்பாத்தி இரண்டு சாப்பிட்டால் ஏறக்குறைய ஒரு கப் சோறு சாப்பிட்ட கணக்குத்தான், அதிலும் நாலு சப்பாத்தி, உருளைக்கிழங்குக் குருமா என்று போனால் சோறே தேவலை. கேழ்வரகும் அப்படித்தான். நல்ல தானியம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, ஆனால் மாவை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிச் சொம்பு நிறையக் குடித்தால் சர்க்கரை சீக்கிரமாகவே ஏறும். மாமியாருக்கு முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையாகக் கொடுங்கள், பக்கத்தில் மல்லாட்டைச் (வேர்க்கடலை) சட்னி. புழுங்கலரிசி பற்றி அவரே உங்களுக்குச் சொல்லியிருப்பார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்குவதால், மில்லில் தீட்டினாலும் பச்சரிசி அளவுக்கு அது வீணாவதில்லை. இந்த வைட்டமின் குறைவதால் வரும் பெரிபெரி நோயை ஆராயத்தான் 1918-ல் குன்னூரில் ஒற்றை அறையில் ஒரு ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள், அதுதான் வளர்ந்து இன்றைக்கு ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அதனால் தினச் சோற்றுக்குப் புழுங்கலரிசியே இருக்கட்டும்.

சரி, ராத்திரிக்கு வருவோம். புதன்கிழமை ராத்திரி உங்களால் செய்ய முடிகிறதெல்லாம் இருபது நிமிஷ வேலைதான், அந்த இருபது நிமிஷமும் ஓட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும். கொண்டைக்கடலை, காராமணி, மொச்சை இதில் இரண்டை ஆளுக்கு இரண்டு கைப்பிடி கணக்கில் ஊறப்போட்டு வேகவைத்து, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். இட்லி மாவு எப்படியும் அரைப்பீர்கள். கீரையை ஆய்ந்து, கழுவாமல், துணிப்பையில் சுற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெங்காயமும் தக்காளியும் வதக்கிய தொக்கு ஒரு கிண்ணம். இவ்வளவுதான் ஞாயிற்றுக்கிழமை வேலை, இதற்கு மேல் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமையே வெறுத்துவிடும்.

இப்போது புதன்கிழமை எட்டரை மணி. ஃப்ரீசரிலிருந்து காராமணி டப்பா வெளியே வருகிறது, வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய், இருந்தால் மாங்காய்த் துண்டு போட்டுத் தாளித்தால் பத்து நிமிஷம், கூட ஆளுக்கு இரண்டு தோசை. இன்னொரு நாள் தோசையின் மேலேயே முட்டையை உடைத்து ஊற்றி வெங்காயமும் துருவிய கேரட்டும் தூவிவிடலாம். இன்னொரு நாள் குக்கர் வேலை: சம்பா ரவை ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், நறுக்கிய காய் மூன்று டம்ளர், ஞாயிற்றுக்கிழமைத் தொக்கிலிருந்து இரண்டு கரண்டி, நாலு விசில், அவ்வளவுதான் கிச்சடி. அதுவும் முடியாத நாளில் பேக்கரியில் ரொட்டி வாங்கி வந்து, தக்காளி வெங்காயம் நிறையப் போட்ட ஆம்லெட்டோடு சாப்பிடுங்கள், கூடக் கொஞ்சம் வெள்ளரிக்காய். புதுச்சேரியில் இருந்துகொண்டு ரொட்டி சாப்பிட யோசிக்க வேண்டியதில்லை.

கடையில் வாங்குகிற ராத்திரியும் திட்டத்துக்குள்ளேயே இருக்கட்டும், அதைத் தோல்வியாக எண்ணாதீர்கள். இட்லியோ இடியாப்பமோ வாங்குங்கள், வீட்டில் ஆளுக்கு ஒரு முட்டையை வேகப்போடுங்கள், முடிந்தது. பரோட்டா வேண்டுமென்று பையன் கேட்டால் ஒன்று சாப்பிடட்டும், கூடவே ஃப்ரீசர் கொண்டைக்கடலையும் தட்டில் இருந்தால் இரண்டாவது பரோட்டாவுக்கு வயிற்றில் இடம் இருக்காது.

இந்த ராத்திரியைக் காப்பாற்றுவது சாயங்காலம் ஐந்தரை மணிதான், இதை யாரும் கவனிப்பதில்லை. மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு எட்டரை வரைக்கும் இரண்டு டீயும் நாலு பிஸ்கட்டும் மட்டும் என்றால், அந்தப் பசியில் யாராலும் காராமணியைத் தாளித்துக்கொண்டு நிற்க முடியாது. வேலை விட்டுக் கிளம்பும்போதே ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டை, ஒரு கொய்யாப்பழம், இல்லையென்றால் டப்பாவில் சுண்டல். மல்லாட்டை 30 கிராமில் 7 கிராம் புரதம் இருக்கிறது, ஒரு முட்டையைவிடக் கொஞ்சம் அதிகம், விலையும் கையைக் கடிக்காது, எங்கள் கடலூர் மாவட்டத்திலேயே விளைகிறது. டீயைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு நாலு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 30 கிராமைத் தாண்டிவிடும், உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது. வாரத்துக்குக் கால் ஸ்பூன் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்குத் தெரியாது. சாப்பாட்டை ஒட்டி டீ, காபி குடித்தால் கீரையிலும் பயறிலும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது, முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். எலுமிச்சை பிழிந்துகொண்டால், நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

புரதத்துக்குத் தினமும் கணக்குப் போட வேண்டாம். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது ஐசிஎம்ஆர் சொல்லும் அளவு, 55 கிலோ இருப்பவருக்கு 45 கிராம் சொச்சம். காலையில் இட்லி தேங்காய்ச் சட்னி, மத்தியானம் ரசம் சாதம் உருளைக்கிழங்கு, ராத்திரி தோசை என்று போகிற நாளில் அதில் பாதி வந்தாலே பெரிது. மூன்று வேளையும் தட்டில் பருப்பு, பயறு, முட்டை, மீன், தயிர் இதில் ஏதாவது ஒன்று கண்ணில் படுகிற அளவுக்கு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், போதும்.

காலை டிபனில் காயைக் கொண்டுவர எங்கள் மாவட்டத்திலேயே வழி இருக்கிறது, சிதம்பரம் கொத்சு. கத்திரிக்காயைச் சுட்டோ வேகவைத்தோ மசித்துச் செய்கிற அதை இட்லிக்குக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பிடலாம், தேங்காய்ச் சட்னியை அப்படிச் சாப்பிட முடியாது.

மார்க்கெட்டுக்கு வாரத்தில் இரண்டு நாள் போனால் போதும். நான் கடலூர் உழவர் சந்தைக்குப் போகிறேன், உங்களுக்குக் குபேர் மார்க்கெட் பக்கம்தான். என்ன வாங்குவது என்று வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு போகாதீர்கள், இரண்டு கீரை, மூன்று நாட்டுக்காய், ஒரு கிழங்கு, இரண்டு பழம் என்று எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு போய், அன்றைக்கு எது குவிந்து கிடக்கிறதோ அதை எடுங்கள், விலையும் குறையும், ருசியும் இருக்கும். வந்ததும் கீரையை முதல் இரண்டு நாளில் முடித்துவிடுங்கள், அப்புறம் வெண்டை, கத்திரி, கொத்தவரங்காய், கடைசியில் பரங்கிக்காயும் சேனையும் முட்டைக்கோசும், அவை பொறுமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை அழுகியே வரும், விலையும் ஏறும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது எங்கள் தெருவுக்கு மூன்று நாள் காய் வண்டி வரவில்லை, கரண்டும் இல்லாததால் ஃப்ரிட்ஜும் உதவவில்லை, டப்பாவில் இருந்த காய்ந்த மொச்சையும் மணத்தக்காளி வற்றலும்தான் சோறு போட்டன. அதிலிருந்து புரட்டாசி முடிவதற்குள் இரண்டு கிலோ பயறு வாங்கி வைத்துவிடுகிறேன்.

மீனுக்கு வஞ்சிரம், வவ்வால் என்று செலவழிக்க வேண்டியதில்லை. கவலை, மத்தி, கானாங்கெளுத்தி இவற்றில்தான் ஒமேகா-3 கொழுப்பு நன்றாக இருக்கிறது, நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் கிடைக்கும். வாரத்தில் இரண்டு நாள் குழம்பாக வைத்தால் உடம்புக்கு அதைவிட நல்லது வேறில்லை, வறுவலை ஒரு நாளோடு நிறுத்துங்கள். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில் விலை ஏறும், அப்போது முட்டையும் பயறும் பார்த்துக்கொள்ளட்டும். கருவாடு வாங்கினால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், குழம்பில் தனியாக உப்பே போடாதீர்கள். மாமியாருக்கு ரத்த அழுத்தமும் இருந்தால் அவருக்குக் கருவாடு வேண்டாம்.

உப்பையும் எண்ணெயையும் ஸ்பூனில் அளந்து யாராலும் குடித்தனம் நடத்த முடியாது. பாக்கெட் பிரிக்கிற அன்றைக்குத் தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் உப்புதான் எல்லை, நாலு பேருக்கு 20 கிராம், ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். ஊறுகாய், அப்பளம், மிக்சர், ஓட்டல் சாப்பாடு இவற்றின் உப்பு இந்தக் கணக்கில் வராது என்பதால் ஐம்பதைத் தாண்டினால் இன்னும் நல்லது. எண்ணெய் ஒரு லிட்டர் நாலு பேருக்கு எட்டு நாளுக்கு முன் தீர்ந்தால் அதிகம், பத்து நாளுக்கு இழுக்கப் பாருங்கள்.

பையன் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். காயை அரைத்துக் குழம்பில் ஒளித்து வைக்காதீர்கள், ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டால் குழம்பையும் சந்தேகப்படுவான். ஒரு காய் பழகுவதற்குப் பிள்ளைகளுக்குப் பத்து, பதினைந்து தடவைகூட ஆகலாம், அதுவரைக்கும் ஒரு ஸ்பூன் வைத்துவிட்டு எதுவும் பேசாமல் இருப்பதுதான் நம் வேலை. ராத்திரி நீங்கள் சமைக்கும்போது அவன் பசியோடு அடுப்படிக்கு வருவான் பாருங்கள், அப்போது வெள்ளரி, கேரட்டை நீளமாக நறுக்கி உப்பும் எலுமிச்சையும் தொட்டு ஒரு தட்டில் வைத்துவிட்டு நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள். வெண்டைக்காயை மூடாமல் மொறுமொறுப்பாக வதக்குங்கள், நிறையப் பிள்ளைகளுக்குக் காயின் கொழகொழப்புத்தான் பிடிக்காது. மார்க்கெட்டில் ஒரு காயை அவனே எடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விடச் சொல்லமாட்டேன். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடுகிற ஒரு வேளை அது, தீபாவளிப் பலகாரமும் அப்படித்தான். சாப்பிடுங்கள், ராத்திரி ரசமும் கீரையும் போதும்.

மாமியாருக்கு மட்டும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், சோற்றைத் திடீரென்று பாதியாக்காதீர்கள். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்குப் போட்டது, சாப்பாடு குறைந்து மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும், வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் என்று வரும். அப்போது உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும், ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் முதலில் அவருடைய டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஒரு கரண்டி ஒரு கரண்டியாகக் குறையுங்கள். கடைசியாக எடுத்த கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் காட்டுங்கள், சிறுநீரகம் பாதித்திருந்தால் பயறும் கீரையும் எவ்வளவு என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு வாரம் சாயங்காலத்தையும் ராத்திரியையும் மட்டும் பாருங்கள், காலையையும் மத்தியானத்தையும் தொடவே வேண்டாம். கொண்டைக்கடலை எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஆரம்பிப்பதாக இருந்தால் சனிக்கிழமை ராத்திரி படுக்கப் போகும் முன் தண்ணீரில் போட்டுவிடுங்கள்.